பொய்சாட்சி சொன்ன எதிர்ப்பொருள்

நீதிமன்றத்தில் ஒரு சாட்சி ஆளை மாற்றிக் காட்டிவிட்டால் தீர்ப்பே மாறிப் போகும். உயிரியல் ஆய்வுக்கூடத்திலும் இப்படி ஒரு சாட்சி உண்டு. அதன் பெயர் எதிர்ப்பொருள். ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே தனக்குரிய ஒரே ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு "இதுதான் அது" என்று காட்டுவது அதன் வேலை. அந்தச் சாட்சி தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு எரித்ரோபாயட்டின் ஏற்பியின் வரலாறு நல்ல உதாரணம்.

உடலில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜைக்குச் சென்று சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்கிறது. இதைத் தனியே பிரித்தெடுப்பது லேசான காரியமாக இல்லை. ஜப்பானில் டகாஜி மியாகே என்ற மருத்துவர், கடும் இரத்தசோகை நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்தார்! அதிலிருந்துதான் சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் குழு 1977-ல் இந்த ஹார்மோனைத் தூய நிலையில் எடுத்தது. 1989-ல் இது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே ஆண்டில் இந்த ஹார்மோன் வந்து அமரும் ஏற்பியையும் ஆலன் டி ஆன்ட்ரியா, ஹார்வி லோடிஷ், கார்டன் வாங் ஆகியோர் அடையாளம் கண்டனர்.

ஏற்பி இருக்கிறது என்பது ஒரு விஷயம். அது வேலை செய்கிறதா என்பது வேறு விஷயம். ஹார்மோன் வந்து அமர்ந்ததும் ஏற்பியோடு ஒட்டியிருக்கும் ஜாக்2 என்ற நொதி விழித்துக்கொள்கிறது. இது 1993-ல் தெரியவந்தது. செல்லுக்கு உள்ளே நீளும் ஏற்பியின் வால் பகுதியில் 8 டைரோசின்கள் உள்ளன. ஜாக்2 அவற்றில் பாஸ்பேட்டைப் பூட்டுகிறது. அந்தப் பாஸ்பேட் ஏறினால்தான் செய்தி உள்ளே போகும்.

புரதத்தில் பாஸ்பேட் ஏற்றி அதன் வேலையை மாற்றலாம் என்பதை 1955-ல் எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் காட்டினர். 1992-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. டைரோசினிலும் பாஸ்பேட் ஏறும் என்பதை 1979-ல் டோனி ஹன்டர் கண்டார். பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் 1981-ல் வந்தது. ஆனால் அது எந்தப் புரதத்தில் இருந்தாலும் பிடித்தது. ஒரு குறிப்பிட்ட புரதத்தின் குறிப்பிட்ட இடத்தை மட்டும் பிடிக்கும் வழியை பால் கிரீன்கார்டின் குழு 1990-களின் தொடக்கத்தில் வகுத்துத் தந்தது. பாஸ்பேட் ஏற்றிய சிறு புரதத் துண்டைச் செயற்கையாகச் செய்து விலங்குக்குள் செலுத்துவார்கள். அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்களில், பாஸ்பேட் இல்லாத துண்டிலும் ஒட்டுபவற்றைக் கழித்துவிடுவார்கள். மிஞ்சுவதுதான் சரியான சாட்சி. அதையும் சோதிக்க எளிய வழி உண்டு. பாஸ்பேட்டை நீக்கும் நொதியைச் சேர்த்தால் எதிர்ப்பொருள் காட்டிய கோடு மறைய வேண்டும். மறையாவிட்டால் அது வேறு எதையோ பிடித்திருக்கிறது என்று பொருள்.

இந்தக் கவனம் ஏன் முக்கியம் என்பது 2003-ல் புரிந்தது. கீமோதெரபியால் வரும் இரத்தசோகைக்கு எரித்ரோபாயட்டின் ஏற்கெனவே பரவலாகக் கொடுக்கப்பட்டு வந்தது. அந்த ஆண்டு ஜெர்மனியின் மைக்கேல் ஹெங்கே குழு, கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 351 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்றவர்களுக்கு இரத்தம் ஊறியது. ஆனால் நோய் கட்டுப்படுவது மோசமானது! புற்று செல்லிலும் இந்த ஏற்பி இருந்து, மருந்து அதையும் வளர்க்கிறதோ என்ற அச்சம் எழுந்தது.

கட்டியில் ஏற்பி இருக்கிறதா என்று பார்க்கப் பலரும் எடுத்தது கடையில் விற்ற சி-20 என்ற எதிர்ப்பொருளைத்தான். பல கட்டிகளில் "இருக்கிறது" என்று அது காட்டியது. கட்டுரைகள் குவிந்தன. 2006-ல் ஸ்டீவ் எலியட் குழு அந்தச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்தது. ஏற்பியின் எடை சுமார் 59 ஆயிரம் டால்டன். சி-20 அதைவிடக் கனமான, சுமார் 66 ஆயிரம் டால்டன் புரதத்தையும் பிடித்தது. அது எச்எஸ்பி70 வகையைச் சேர்ந்த வெப்ப அதிர்ச்சிப் புரதம். செல்லுக்கு நெருக்கடி வந்தால் பெருகும் புரதம் அது. புற்று செல்களில் அதற்குப் பஞ்சமே இல்லை.

எலியட் குழுவினர் அந்த மருந்தைத் தயாரிக்கும் ஆம்ஜென் நிறுவனத்தினர் என்பதையும் மறக்கக் கூடாது. மருந்து தப்பினால் லாபம் அவர்களுக்குத்தான். ஆனால் சோதனை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக் கூடியது. 2010-ல் அதே நிறுவனம் ஏ82 என்ற துல்லியமான எதிர்ப்பொருளை வெளியிட்டது. பல புற்று செல் வகைகளில் ஏற்பி மிகக் குறைவு என்றும், ஹார்மோன் கொடுத்தாலும் பாஸ்பேட் ஏறவில்லை என்றும் சொன்னது. எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த விவாதம் நோயாளிகளைக் காப்பாற்றக் காத்திருக்கவில்லை. சோதனைகளில் தெரிந்த ஆபத்தையே ஆதாரமாகக் கொண்டு, 2007 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் மேல் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. ஆபத்து உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்துக்குத்தான் சரியான சாட்சி இல்லாமல் போனது.

2006 கட்டுரையை எழுதியவர்களில் கிளென் பெக்லி என்பவரும் ஒருவர். 2012-ல் அவர் இன்னொரு கணக்கை வெளியிட்டார். புற்றுநோய் ஆய்வில் முக்கியமானவை எனக் கருதப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின. புட்டியின் மேல் ஒட்டிய பெயரை நம்பி எழுதும் கணக்கு தணிக்கையில் நிற்காது. அந்தக் கணக்கை நம்பிச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் நோயாளிகள் என்பதால், சோதித்துப் பார்க்கும் அந்த ஒரு நாள் வேலையை எந்த ஆய்வுக்கூடமும் மிச்சம் பிடிக்கக் கூடாது.