ஒற்றியூர் முதல் வான்மியூர் வரை: ஆடல் வழியே ஒரு நாள்

குடமுழுக்கு நாளன்று திருக்கோயில் முன்றிலில் முதியோர் சிலர் கூடியிருந்து பழங்கதை பேசுவதைக் கேட்டிருக்கிறோம். விளக்கிட்டவர் இன்னார், பூத்தொடுத்தவர் இன்னார், நாதசுரம் வாசித்தவர் இன்னார் என்று அவர்கள் நினைவுகூர்வார்கள். ஆனால் இறைவன் திருமுன் நின்று ஆடியவர் இன்னார் என்று எவரும் எடுத்துரைப்பதில்லை. பல நூற்றாண்டுகள் நம் நாட்டுத் திருக்கோயில்களில் ஆடலும் ஒரு திருப்பணியாகவே விளங்கிற்று. அப்பணி செய்தோரை மட்டும் நாம் மறந்தது ஏன்? இவ்வினாவை நெஞ்சிற்கொண்டு, அன்பர் ஒருவர் காத்திவாக்கத்திலிருந்து காலையிற் புறப்பட்டு, ஒரே நாளில் சென்னையின் ஆடல் வரலாற்றைக் கண்டு மீள இயலும். அவ்வழியைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னையில் ஆடற்கலை என்றவுடன் மார்கழித் திங்களும், மயிலையின் மன்றங்களும், அடையாற்றங்கரையுமே பலர் உள்ளத்தில் தோன்றும். நம் வடபகுதியோ துறைமுகம், தொழிற்சாலை, புகைபோக்கி, மீன்பிடி படகு ஆகியவற்றால் அறியப்படுவது. 2011ஆம் ஆண்டில் காத்திவாக்கமும் திருவொற்றியூரும் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பின்னரும், கலையை நாடித் தெற்கே செல்ல வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. ஆயினும் இம்மாநகரின் ஆடல் வரலாற்றைக் கல்லிற் படிக்க விழைவோர் வடக்கேதான் வருதல் வேண்டும்.

காத்திவாக்கம் நிலையத்தில் புகைவண்டி ஏறினால் இரண்டாம் நிலையம் திருவொற்றியூர். ஞானசம்பந்தர், நாவுக்கரசர், சுந்தரர் என்னும் மூவரும் பாடிய பழம்பதி அது. ஆதிபுரீசுவரர் எழுந்தருளிய கருவறை, யானையின் பின்புறம் போல் வளைந்த கசபிருட்ட அமைப்புடையது. முதலாம் இராசேந்திரசோழன் காலத்தில், இங்கு விளங்கிய மடத்தின் தலைவராகிய சதுரானன பண்டிதர் வேண்ட, வீரசோழத் தச்சன் என்னும் சிறப்புப் பெயர் பெற்ற இரவி என்பான் இதனைக் கருங்கல்லாற் கட்டினான் என்று கல்வெட்டு உரைக்கின்றது. கட்டுவித்தவன் பெயரோடு கட்டியவன் பெயரையும் கல்லிற் பொறித்த பண்பாட்டை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இங்குத் தியாகராசப் பெருமானே ஆடல் வல்லான். மாசிப் பெருவிழாவின் நிறைவில் அவர் பதினெட்டு வகைத் திருநடனம் புரிந்தருளுவார் என்பது மரபு. திருமேனியைத் தாங்குவோர் தோள்கள் தாளத்திற்கேற்ப முன்னும் பின்னும் அசைய, இறைவனே ஆடுவதாக அன்பர் உளங்கசிவர். கண்டு வணங்கும் மக்களுள் மீனவரும் உளர். ஆலைத் தொழிலாளரும் உளர். அவர்கள் இக்காட்சிக்கு நுழைவுச்சீட்டுப் பெறுவதில்லை. சென்னையில் பொதுமக்கள் அனைவர்க்கும் உரிய ஆடல் எது என்று வினவினால், இத்திருநடனத்தைத் தயங்காது சுட்டலாம்.

திருச்சுற்றில் மகிழமரம் நிற்கின்றது. சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று ஆணையிட்ட வரலாற்றை நாம் அறிவோம். ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்த சங்கிலியார் இவ்வூரின் பெருமாட்டி. சுந்தரர் ஆரூரில் முன்னரே மணந்த பரவையார் உருத்திர கணிகையர் குலத்தில் தோன்றியவர் எனச் சேக்கிழார் கூறுகிறார். ஆடல் பாடலால் இறைவனுக்குப் பணி செய்த அக்குலத்தைச் சேக்கிழார் பெருமான் தாழ்வாகக் கருதவில்லை. பரவையாரைத் திருமகளினும் மேலாக வைத்தே போற்றுகிறார். இம்மகிழின் அடியிலேயே பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராசன் பங்குனி உத்திர விழாவில் அமர்ந்து, சுந்தரர் வரலாறாகிய ஆளுடைய நம்பி புராணத்தைக் கேட்டான் என்பதும் கல்வெட்டுச் செய்தி.

நம் பயணத்திற்கு உயிரான செய்தி மற்றொரு கல்வெட்டில் உள்ளது. மூன்றாம் இராசராசனின் 19ஆம் ஆட்சியாண்டு, அஃதாவது கி.பி. 1235ஐ ஒட்டிய காலம். ஆவணித் திருநாளன்று அரசன் இக்கோயிலில் எழுந்தருளியிருந்தான். இராசராசன் திருமண்டபத்தில், அவன் முன்னிலையில் உறவாக்கின தலைக்கோலி என்னும் நங்கை அகமார்க்கம் என்னும் கலையை நிகழ்த்தினாள். மகிழ்ந்த மன்னன் மணலியில் அறுபது வேலி நிலத்தை வழங்கி, அந்நிலத்திற்கு உறவாக்கினநல்லூர் என்று அவள் பெயரையே சூட்டினான்.

தலைக்கோலி என்பது பட்டப்பெயர். தோற்ற மன்னனின் வெண்கொற்றக் குடைக்காம்பை எடுத்து, மணி பதித்துப் பொற்றகடு வேய்ந்து, அதனை இந்திரன் மகன் சயந்தனாகக் கருதி வழிபட்டு, ஆடலரங்கில் நிறுவும் வழக்கம் சிலப்பதிகாரத்தில் கூறப்படுகின்றது. அக்கோல் முன்னிலையில் அரங்கேறி மாதவி தலைக்கோற் பட்டம் பெற்றாள். காவியத்து மாதவி பெற்ற சிறப்பை, பின்னர்ப் பல நூற்றாண்டுகள் கழிந்தும், நம் கடற்கரையூர் நங்கை ஒருத்தி பெற்றிருந்தாள் என்பது எண்ணி இன்புறத்தக்கது.

அறுபது வேலி என்பது சிறு கொடையன்று. ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர் என்னும் பிற்கால அளவைக் கொண்டு கணக்கிட்டால், நானூறு ஏக்கருக்கு அணித்தாகும். காத்திவாக்கத்தினின்று மேற்கே நோக்கினால் மணலியின் ஆலைக் கோபுரங்கள் தெரிகின்றன. 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அவ்வூரில்தான் உள்ளது. நாள்தோறும் அத்திசையை நோக்கும் நம்மில் எத்துணைப் பேர், அங்கே ஓர் ஆடல்நங்கையின் பெயரால் ஓர் ஊர் இருந்ததை அறிவோம்?

பதினான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்கள் மேலும் ஒரு செய்தி கூறுகின்றன. இக்கோயிலிற் பணிபுரிந்த பதியிலார், தேவரடியார், இடபத்தளியிலார் என்னும் மூவகையினரிடையே பணிமுறை பற்றி வழக்கு எழுந்தது. அதிகாரிகளும் பெருமக்களும் கூடி ஆராய்ந்து முறை வகுத்தனர். தமக்குரிய பணி இன்னது, தமக்குரிய இடம் இன்னது என்று வாதிடும் உரிமை அம்மகளிர்க்கு இருந்தது என்பதை இதனால் உணர்கிறோம். அவர் முறையீடு கல்லிற் பொறிக்கத்தக்க பெருமையுடையதாகக் கருதப்பட்டது.

நண்பகலில் கோயில் நடை சாத்தப்படும். திருவொற்றியூர்த் தேரடியில் மெட்ரோ வண்டியேறி உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கினால், ஜார்ஜ் டவுனின் குறுந்தெருக்கள் அருகிலேயே உள. அங்கே இராமகிருஷ்ணத் தெருவில் வீணை தனம்மாள் வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் இல்லத்தில் வீணை கேட்க இசையறிந்தோர் அமைதியாகக் கூடுவர். 1938இல் மறைந்த அம்மூதாட்டியின் பெயர்த்தியே பாலசரசுவதி. தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்ப பிள்ளையிடம் பயின்று, 1925ஆம் ஆண்டு, ஏழு வயதுச் சிறுமியாகக் காஞ்சியில் அமனாட்சி அம்மன் கோயிலில் அரங்கேறினார். 1977இல் பத்ம விபூஷண் விருது பெற்றார், 1984இல் மறைந்தார்.

1975ஆம் ஆண்டு தமிழிசைச் சங்க மாநாட்டின் தலைமையுரையில் பாலசரசுவதி கூறிய கருத்தொன்று இம்மலரைப் படிப்போர்க்கு மிகவும் உகந்தது. அலாரிப்பு கோபுர வாயில், ஜதிசுவரம் அர்த்த மண்டபம், சப்தம் பெருமண்டபம், வர்ணம் இறைவன் திருச்சந்நிதி, பதம் கருவறை, தில்லானா கற்பூர ஆரத்தி. இவ்வாறு ஓர் ஆடல் நிகழ்ச்சியின் அமைப்பைத் திருக்கோயில் அமைப்போடு அவர் ஒப்பிட்டார். தஞ்சை நால்வராகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் வகுத்த வரிசை அது. கோயிலை விட்டு ஆடல் வெளியேறிய காலத்திலும், ஆடலுக்குள் கோயில் நிலைத்து நின்றது என்பதை இதனினும் தெளிவாக எவர் கூற வல்லார்?

மாலை நான்கு மணியளவில் மயிலை கபாலீசுவரர் கோயில் நடை திறக்கும். அங்கே பணியாற்றிய கடைசி ஆடல்மகளாகக் கருதப்படுபவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். பாலசரசுவதிக்கு அபிநயம் கற்பித்தவரும் அவர்; ருக்மிணி தேவிக்குக் கற்பித்தவரும் அவர். இருவேறு வழிகளாகப் பிரிந்து உலகப் புகழ் பெற்ற இரு கலைவாணியரும் ஒரே ஆசிரியையின் முன் அமர்ந்து பயின்றனர் என்பதைப் பலரும் அறியார்.

இவ்விடத்தில் உண்மையை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அரசும் நிலக்கொடையும் மறைந்த பிற்காலத்தில், இளஞ்சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் பெருங்கேட்டிற்கு வழியாயிற்று. அதனை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அம்மரபிற் பிறந்த அன்னையின் மகளே. அவர் முயற்சியால் 1929ஆம் ஆண்டுச் சட்டம், ஆடற்பணிக்கென அளிக்கப்பட்ட மானிய நிலங்களைப் பணியினின்று விடுவித்து மகளிர்க்கே உரிமையாக்கிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலை அறவே தடுத்தது. அச்சட்டம் வேண்டியதே, அதனால் எண்ணற்ற சிறுமியர் வாழ்வு காக்கப்பட்டது. ஆயினும் வழக்கத்தோடு சேர்த்து அப்பெண்களையும் சமுதாயம் ஒதுக்கிற்று. கலையை ஏற்றுக்கொண்டவர்கள், அதனைக் காத்துத் தந்தவர்களை ஏற்கத் தயங்கினார்கள். இக்குறை சட்டத்தால் நேர்ந்ததன்று. நம் நன்றியின்மையால் நேர்ந்தது.

அதே காலத்தில் கலையைக் காக்க முன்வந்தோரும் உளர். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணையர் தாமே பெண்வேடம் பூண்டு ஆடிக் காட்டினார். 1931இல் மியூசிக் அகாடமி, திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்வியர் இருவரை மேடையேற்றியது. சதிர் என்று வழங்கிய கலைக்குப் பரதநாட்டியம் என்னும் பெயர் அப்பத்தாண்டிலே நிலைபெற்றது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைர விழாவில் ஆடினார். மறு ஆண்டு கலாசேத்திரத்தை நிறுவினார்.

அக்கலாசேத்திரம் இன்று விளங்கும் திருவான்மியூரே நம் பயணத்தின் எல்லை. திருமயிலை நிலையத்தில் பறக்கும் இரயிலேறி அங்கே சேரலாம். மருந்தீசுவரர் கோயிலுக்குள் சென்றால் ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. அங்கும் தியாகராசர் எழுந்தருளியுள்ளார்! காலையில் ஒற்றியூரில் கண்ட அதே திருக்கோலம் மாலையில் வான்மியூரிலும் காட்சி தருகின்றது. கடற்கரையின் வடகோடியிலும் தென்கோடியிலும் ஆடும் பெருமானே வீற்றிருக்க, இடையே ஒரு மாநகரம் எழுந்துள்ளது. ஆடலைத் தேடித் தெற்கே வந்தோம். வந்த இடத்தில் நம்மூர்ப் பெருமானையே கண்டோம்.

இரவு காத்திவாக்கத்திற்கு மீளும்போது மணலியின் விளக்குகள் மேற்கே ஒளிர்வதைக் காணலாம். உறவாக்கின தலைக்கோலியின் முகத்தை அறிந்தார் எவருமிலர். அவள் ஆடிய ஆடலும் காற்றோடு கலந்துவிட்டது. பெயர் ஒன்றே கல்லில் எஞ்சியிருக்கின்றது. தச்சன் இரவியின் பெயரைப் பொறித்த ஊர், தலைக்கோலியின் பெயரையும் பொறித்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர்க்கு இருந்த அந்நன்றியுணர்வு நமக்கும் வாய்த்தல் வேண்டும்.

குடமுழுக்கில் கலசத்தின்மேல் சொரியும் புனிதநீர் கோபுரத்தை மட்டும் நனைப்பதில்லை. கீழே நிற்கும் அனைவர் மீதும் தெளிக்கப்படுகின்றது. அந்நீர்த்துளி நம்மேற் படும்போது, இறைவன் திருமுன் ஆடிப் பணிசெய்து பெயரின்றி மறைந்த மகளிரையும் ஒரு கணம் நினைப்போமாக. அன்பர்கள் அடுத்த மாசி விழாவில் தம் மக்களை ஒற்றியூர்க்கு அழைத்துச் சென்று, தியாகேசர் திருநடனத்தைக் காட்டி, தலைக்கோலியின் வரலாற்றையும் எடுத்துரைப்பார்களாக. கல்லில் உள்ள பெயர் அவர்கள் நாவிலும் வாழ்வதாகுக!