ஆவடி டிப்போ முதல் கும்மிடிப்பூண்டி வரை: ஒரு மருத்துவச் சீட்டின் கதை

ஆவடின்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது டாங்க் ஃபேக்டரி. கொஞ்சம் பழைய ஆளுங்க 1955 காங்கிரஸ் மாநாட்டைச் சொல்வாங்க. ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, இன்னைக்குத் திருவள்ளூர் மாவட்டத்துல இருக்கிற இதே ஆவடியில ஒரு முகாம் இருந்ததுங்க. மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போற கூலியாட்களைக் கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி தங்க வைக்கிற டிப்போ. நாகப்பட்டினத்துல இன்னொண்ணு.

முகாம்ல தங்கற ஆளோட உடம்பைப் பத்தி எழுதி வைக்கிற வழக்கம் நம்ம ஊர்ல எப்படி வந்தது, அதை யாருக்காக எழுதினாங்க? இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

ஆவடியில டாக்டர் பார்ப்பார், அம்மை குத்துவாங்க. தேறினவங்க மட்டும் கப்பல் ஏறலாம். அதோட முடியலை. பினாங்குல இறங்கறவங்களுக்காக ஜெரெஜாக் தீவுல தனிமை முகாம் ஒண்ணு இருந்தது, அங்கேயும் சோதனை. எத்தனை தடவை பார்த்தாலும் கேள்வி ரெண்டுதான். இவன் வேலைக்கு ஆவானா? நோயைக் கூட்டிக்கிட்டு வருவானா?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்க கதையும் இதேதான். 19ம் நூற்றாண்டுல மன்னார்ல இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்தே போனாங்க. காலராவுல வழியிலேயே செத்தவங்க ஏராளம். 1914ல பாம்பன் ரயில் பாலம் திறந்தாச்சு. அதுக்கப்புறம் மண்டபத்துல இலங்கை அரசே ஒரு தனிமை முகாம் நடத்தியது. நம்ம மண்ணுல இன்னொரு நாட்டு அரசு நடத்தின முகாம்!

அங்கே சில நாள் நிறுத்தி வச்சு, அம்மை குத்தி, துணிமணியைக் கிருமிநீக்கம் செஞ்சு அனுப்புவாங்க. ஏன் சில நாள்? காலரா கிருமி உள்ளே போனா 5 நாளுக்குள்ள வெளியே தெரிஞ்சிடும். அதுவரைக்கும் நல்லா இருந்தா ஆள் அக்கரைக்குப் போகலாம். கணக்கு சரியான கணக்குதான். அதனால நோய் பரவறது தடுக்கப்பட்டது என்பதையும் ஒத்துக்கணும்.

ஆனா அந்த ஆள் கைக்கு என்ன வந்தது? கழுத்துல தொங்கவிட ஒரு தகர டிக்கெட். எந்தத் தோட்டம், என்ன நம்பர், அவ்வளவுதான். கடன் எவ்வளவுன்னு எழுதின 'துண்டு' கங்காணிக்கும் துரைக்கும் நடுவுல ஓடிக்கிட்டு இருந்தது. உடம்பைப் பத்தின விவரம் முகாம் நோட்டுல. தன்னைப் பத்தி எழுதினதுல ஒரு வரிகூட அவன்கிட்ட இல்லை.

1938ல மலாயாவுக்கும் 1939ல இலங்கைக்கும் கூலியாட்களை அனுப்பறதை இந்திய அரசு நிறுத்திடுச்சு. மண்டபம் முகாம் மட்டும் போகலை. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல திரும்பி வந்த மலையக மக்களுக்கும், 1983க்குப் பிறகு வந்த அகதிகளுக்கும் அதுதான் வாசல். அங்கே பதிவு பண்ணித்தான் மற்ற முகாம்களுக்கு அனுப்புவாங்க. நம்ம கும்மிடிப்பூண்டி முகாம்ல இருக்கிறவங்கள்லயும் அந்த வாசல் வழியா வந்தவங்க உண்டு. (2021ல இருந்து இதுக்கெல்லாம் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு பேர்.)

அதே கும்மிடிப்பூண்டியில சிப்காட் இருக்கு. இங்கே வரிசை தலைகீழ். ஒரு காலத்துல நாம கப்பல் ஏறினோம், இப்போ பீகார்லயும் ஒடிசாவுலயும் இருந்து ரயில் ஏறி வந்து ரூம்ல பத்துப் பேரா தங்கறாங்க. வேலையில சேர்றதுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல்.

இடைப்பட்ட காலத்துல ஒரு பெரிய மாற்றம் வந்திருக்குங்க. 1984ல போபால் விஷவாயு விபத்து. அதுக்கப்புறம் 1987ல தொழிற்சாலைகள் சட்டத்துல 41-சி பிரிவைச் சேர்த்தாங்க. ஆபத்தான தொழில்ல இருக்கிற நிறுவனம் தொழிலாளியோட மருத்துவப் பதிவேட்டைச் சரியா வச்சிருக்கணும். வேலைக்கு முன்னாடியும், அப்புறம் 12 மாசத்துக்கு மிகாம ஒரு தடவையும் சோதனை செய்யணும். முக்கியமா, நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம். இரும்பு உருக்கு, ஃபவுண்டரி எல்லாம் அந்தப் பட்டியல்ல வருது. 2020ல இயற்றின புதிய சட்டத் தொகுப்புலயும் இந்த விதி இருக்கு.

எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, தகர டிக்கெட் போட்டவனுக்குத் தன்னோட ரெக்கார்டுலயே 'ரீட் பர்மிஷன்' கிடையாது. 1987ல அது கொடுக்கப்பட்டது.

பர்மிஷன் இருந்து என்ன பண்ண, கேட்டால்தானே? ரோலிங் மில் சத்தத்துல பத்து வருஷம் வேலை பார்த்தவருக்குக் காது மந்தமாகுதுன்னு வைங்க. சத்தத்தால வர்ற காது கேளாமை சட்டப்படி தொழில்நோய்தான், இழப்பீடு உண்டு. ஆனா சேரும்போது காது நல்லா இருந்ததுன்னு எப்படிக் காட்டறது? முதல் நாள் எடுத்த டெஸ்ட் ரிசல்ட் இருந்தா வழக்கு நிக்கும். அது பழைய கம்பெனி பீரோவுல தங்கிட்டா, கான்ட்ராக்டர் மாறி மாறி வேலை செய்யற ஆள் வெறுங்கையோடதான் நிப்பார். ஃபவுண்டரி தூசியில நுரையீரல் கெட்டாலும் இதே கதைதான்.

உங்க தெருவுல, உங்க யூனிட்ல அப்படி யாராவது இருந்தா, மெடிக்கல் எடுத்த அன்னைக்கே ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க. அவருக்குத் தமிழ் வராதுன்னா நீங்க கூடப் போய்க் கேளுங்க. போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சாக்கூடப் போதும்.