பிறந்த வீட்டில் மறைந்த சட்டம்

கிராம தேவதையின் சந்நிதியில், நேர்ந்துவிட்ட கிடாவுக்கு மாலையிட்டு, அதன் முதுகில் மஞ்சள் நீர் தெளித்துவிட்டு, ஊரார் மூச்சடக்கிக் காத்திருக்கும் அந்தக் கணத்தை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். சிலுப்பாது நின்றால், பூசாரி மறுபடியும் நீர் தெளித்து, குறை ஏதும் இருப்பின் பொறுத்தருளும்படி மன்றாடுவார். தெய்வத்தின் உத்தரவையன்றி வேறோர் உத்தரவை அறியாதிருந்த இச்சடங்கினுள் அரசாங்கத்தின் உத்தரவு புகுந்தது 1950-ஆம் ஆண்டில்.

அவ்வாண்டு சென்னை ராஜ்யத்தில் நிறைவேறிய விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டம், கோயில்களில் உயிர்ப்பலி கொடுப்பதைக் குற்றமாக்கிற்று. ஆந்திர ஜில்லாக்களும் மலபாரும் தென் கன்னடமும் அன்று சென்னையோடு சேர்ந்திருந்தன. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது, பாகப்பிரிவினையில் நிலத்தோடு அதன் பாத்தியதைகளும் போவதுபோல, இச்சட்டமும் அந்நிலத்தோடு போயிற்று. மைசூர் 1959-இலும், கேரளம் 1968-இலும், ராஜஸ்தான் 1975-இலும் தத்தமக்கெனத் தனிச் சட்டங்களை இயற்றிக்கொண்டன. அஸ்ஸாமின் காமாக்கியாவிலும் வங்காளத்தின் தாராபீடத்திலுமோ பலி இன்றளவும் நடைபெறுகிறது. ருக்மிணி தேவி அருண்டேலின் விடாமுயற்சியால் உருப்பெற்ற 1960-ஆம் ஆண்டின் மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டமும், ஒரு சமூகத்தின் சமயம் விதித்த முறையில் உயிரைக் கொல்வது குற்றமன்று என்று தனது 28-ஆம் பிரிவிலே விலக்களித்திருக்கிறது.

ஜீவகாருண்யத்தை உயிரினும் மேலாக மதிக்கும் இத்தமிழ் மண்ணில் பலியை எதிர்ப்பவரின் மனவேதனை பொய்யன்று; அதை நான் மதிக்கிறேன். ஆயினும், கறிக்கடையில் அறுபடும் ஆட்டுக்குக் காட்டாத கருணையைக் கருப்பண்ணசாமியின் முன் நிற்கும் ஆட்டுக்கு மட்டும் காட்டிய 1950-ஆம் ஆண்டுச் சட்டம், உயிரின் துன்பத்தை நோக்கிற்றா, ஏழைக் குடியானவனின் வழிபாட்டை நோக்கிற்றா என்ற கேள்வி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்கிக் கிடந்த அதனை 2003-இல் கண்டிப்புடன் அமல்படுத்தத் தமிழக அரசு முனைந்தபோது, நேர்த்திக்கடனை எப்படித் தீர்ப்பது என்ற கலக்கம் குலதெய்வக் கோயில்கள்தோறும் எழுந்தது. மறு ஆண்டே சட்டம் ரத்தாயிற்று.

சென்னையில் பிறந்த சட்டம் இவ்வாறு பிறந்த வீட்டில் மறைந்து, புகுந்த வீடாகிய ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இன்றும் வாழ்கிறது. எனினும், தெலங்கானாவின் மேடாரத்தில் சம்மக்கா, சாரலம்மா தேவியருக்கு ஜாத்திரை கூடும்போது, எடைக்கு எடை வெல்லத்தோடு ஆடும் கோழியும் காணிக்கையாகின்றன. கேரளத்துக் கொடுங்கல்லூரிலோ, முன்னாளில் சேவல் பலியிட்ட கற்களின்மீது பரணி விழாவில் சிவப்புப் பட்டு விரிக்கிறார்கள். அந்நாட்டுப் பகவதி கோயில்கள் பலவற்றில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்த நீரே இரத்தச் செந்நிறம் கொண்டு, குருதி என்னும் பெயராலேயே தேவியின் முன் நிவேதனமாகிறது.