ரேணிகுண்டா சந்திப்பும் கடல்வழிப் பயணமும்: தாமதத்தின் நட்டம் யாருடையது?

விமானம் தாமதித்ததால் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலைத் தவறவிடும் பயணியின் இக்கட்டு இக்காலத்துக்கே உரியதுபோலத் தோன்றினாலும், ஓர் ஊர்தியிலிருந்து இறங்கி மற்றொன்றைப் பிடிக்க வேண்டிய கட்டாயமும், முன்னது பிந்தினால் பின்னது காத்திருக்குமா என்ற கவலையும் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகியவை. பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனால் சென்னையையும் பம்பாய்த் துறைமுகத்தையும் இணைத்த ரயில்பாதை அதன் வழியாகவே சென்றது, அதன் கிராமங்களிலிருந்து ஆட்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறினார்கள். இந்த வட்டாரத்தின் போக்குவரத்து வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது, தாமதம் எல்லாக் காலத்திலும் இருந்ததும், அதன் நட்டத்தை ஏற்பவர் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியதும் தெளிவாகின்றன.

பாய்மரக் காலத்தில் கப்பலைத் தவறவிடுவதற்கு அதிக இடமில்லை. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை கப்பல் கரையணையத்தக்க துறைமுகம் இல்லாததால், கப்பல்கள் கடலில் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தன. காற்றும் சரக்கும் கூடிவரும்வரை கப்பல் கிளம்பாது. 1860 அக்டோபரில் ‘துரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை, அதாவது குறித்த ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் உழைப்பதாகக் கைநாட்டு வைத்தவர்களை, ஏற்றிக்கொண்டு நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பனை அடைந்தது. அதன்பின் 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேரில் வட ஆற்காடு மாவட்டத்தார் கணிசமானவர்கள். அந்த மாவட்டத்தின் தலைமையிடம் அப்போது சித்தூர். ஊரைவிட்டுப் புறப்பட்ட இவர்கள் சென்னையில் டிப்போ எனப்பட்ட தங்கல் முகாம்களில் வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்து, ஆள்கணக்கு நிறைந்து, கப்பலும் ஆயத்தமாகும் வரை காத்துக் கிடந்தார்கள். பெருமளவில் மக்கள் கடல் கடந்த முதல் காலத்தில் காத்திருப்பின் முழுச் சுமையும் ஏழைகளின் தலையிலேயே விழுந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் பிற்காலத்தில் நீராவிக் கப்பல்களின் நேரந்தவறாமையைப் புகழ்ந்தவர்கள் இந்த முகாம்களை நினைத்துப் பார்த்ததில்லை.

நீராவிக் கப்பலும் ரயிலும் சேர்ந்துதான் கால அட்டவணையைக் கட்டாயமாக்கின. சென்னை ரயில்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து வடமேற்காக அமைக்கத் தொடங்கிய அகலப்பாதை 1862இல் ரேணிகுண்டாவை எட்டி, கடப்பை வழியாக நீண்டு, 1871இல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு சேர்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1869இல், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்துத் தபாலும் அதிகாரிகளும் பெரும்பாலும் பம்பாய் வழியாக வந்து போகலாயினர். தபாலைக் குறித்த காலத்தில் சேர்க்காவிட்டால் கப்பல் கம்பெனி அபராதம் கட்ட வேண்டும் என்று அரசோடு செய்த ஒப்பந்தம் விதித்ததால், கப்பலுக்கு மணி பார்த்துப் புறப்படும் பழக்கம் உறுதிப்பட்டது. சித்தூரில் பணிபுரிந்த கலெக்டரோ நீதிபதியோ விடுப்பில் தாயகம் செல்லும்போது கப்பல் கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் ரயிலேற வேண்டியிருந்தது. இதில் கடிகாரமே ஒரு சலுகை அளித்தது: 1906இல் இந்தியாவுக்குப் பொது நேரம் வகுக்கப்படும் வரை ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின, பம்பாய் நகரமோ அதைவிட ஏறத்தாழ அரை மணி பின்தங்கிய தன் உள்ளூர் நேரத்தை வைத்திருந்தது, எனவே ரயில் கடிகாரத்தை நம்பி வந்து இறங்கியவர் பம்பாய்க் கடிகாரத்தில் அரை மணி மிச்சம் இருக்கக் கண்டார்.

இந்த வட்டாரத்தின் சாதாரண மக்கள் இணைப்பு வண்டியைத் தவறவிடும் துன்பத்தை அறிந்தது ரேணிகுண்டாவில்தான். ஒரு பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலத்தை ரயில்வேயார் கேஜ் என்பர். சென்னை–பம்பாய்ப் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்ட பிராட்கேஜ். தென்னிந்திய ரயில்வே கம்பெனி விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரம் வரை அமைத்து 1891இல் முடித்த பாதையும், பாகாலாவிலிருந்து சந்திரகிரி, திருப்பதி, ரேணிகுண்டா வழியாகக் கூடூருக்குச் சென்ற கிளையும் 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ். ஒன்றில் ஓடும் பெட்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே விழுப்புரத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ ஏழுமலையானைத் தரிசிக்கப் புறப்பட்ட தமிழர்கள் மீட்டர்கேஜ் பாதையிலேயே திருப்பதி போய்ச் சேர, சென்னையிலிருந்தும் கடப்பை, பம்பாய்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள் ரேணிகுண்டாவில் இறங்கி, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்காக வேறு வண்டி மாற வேண்டியிருந்தது.

அந்த மாற்றத்தின் அலைச்சல் தொலைவுக்குச் சற்றும் பொருந்தாதது. தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், கட்டுச்சாத மூட்டை, கூஜா, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நேர்த்திக்கடன் காசு ஆகியவற்றோடு முதியோரையும் மொட்டைக்காக முடி வளர்த்த குழந்தைகளையும் இறக்கிச் சிறிய வண்டியில் இடம் பிடிக்க வேண்டும். சரக்கு வண்டிகளிலிருந்தோ வெல்லமும் தானியமும் மூட்டை மூட்டையாக ஆள்தலையில் இறக்கி மாற்றப்பட்டன. பெரிய வண்டி பிந்திவிட்டால் சிறிய வண்டியை நிறுத்திவைப்பது எளிதன்று. அது ஒற்றைப் பாதை. எதிர்வரும் வண்டிகள் குறித்த நிலையங்களில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும், ஒரு வண்டியை அரை மணி பிடித்துவைத்தால் பாதை நெடுக மற்ற வண்டிகளும் நின்றுபோகும். ஆகவே காத்திருப்பதா அனுப்புவதா என்பதை, எத்தனை பேர் இறங்குவார்கள், அடுத்த கிராசிங் எங்கே என்பவற்றை எடைபோட்டு ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. வண்டி குறித்த நேரத்தில் சேரும் என்று உறுதி கூறுவதில்லை, தாமதத்தால் வரும் நட்டத்துக்குப் பொறுப்பேற்பதில்லை என்பது அக்காலக் கம்பெனிகளின் வழக்கமான நிபந்தனை.

இருப்பினும் அன்றைய யாத்திரிகரின் தாமதம் யாத்திரையைக் கெடுத்ததில்லை. திருப்பதியில் மடங்களும் கொடையாளர்களும் அமைத்த சத்திரங்கள், பின்னாளில் ரயில் நிலையத்தருகே தேவஸ்தானம் நடத்திய தங்குமிடங்கள், இரவில் வந்து சேர்ந்தவரை ஏற்றுக்கொண்டன. 1944 ஏப்ரலில் மலைப்பாதை திறக்கப்பட்டுப் பேருந்து ஓடத் தொடங்கும்வரை பெரும்பாலோர் அலிபிரியிலிருந்து படியேறியே சென்றனர். இன்று சேர்ந்தவர் நாளை விடியலில் ஏறினால் போதும், தரிசனத்துக்கு மணிக்கணக்கு இட்ட சீட்டு அப்போது இல்லை. சத்திரம் என்ற நிறுவனத்தைத் தருமமாக மட்டும் கருதும் வழக்கம் உண்டு. போக்குவரத்து வரலாற்றின் நோக்கில் பார்த்தால், ரயில் விட்ட பிழையை ஊர் தன் செலவில் தாங்கிய ஏற்பாடு அது, அதற்குரிய மதிப்பு இன்னும் அதற்குத் தரப்படவில்லை.

ரயிலும் கப்பலும் ஒரே ஏற்பாடாக இயங்கிய முழுமையான எடுத்துக்காட்டு இதே மீட்டர்கேஜ் வலையின் தென்கோடியில் இருந்தது. சித்தூரில் ஏறியவர் விழுப்புரத்தில் சென்னை எழும்பூரிலிருந்து வந்த, கப்பலோடு இணைந்த ‘போட் மெயில்’ ரயிலுக்கு மாறினால், தண்டவாள அகலம் மாறாமலே தனுஷ்கோடிக் கப்பல் துறை வரை போகலாம். தனுஷ்கோடி வழி திறக்கும் முன் கொழும்புக்குத் தூத்துக்குடி வழியாகவே சென்றனர். அங்கே கடல் ஆழமற்றதால் கப்பல் கரைக்குத் தொலைவில் நிற்கும், பயணிகள் சிறு படகில் போய் ஏற வேண்டும். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்டு, மார்ச் 1இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் தொடங்கியபின், ரயிலிலிருந்து இறங்கிய பயணி துறைமேடையிலேயே கப்பலேறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, எதிர்க்கரையில் ஆயத்தமாக நின்ற கொழும்பு ரயிலில் அமர்ந்தார். சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டு போதுமானதாக இருந்தது. ரயில்வே கம்பெனியே கப்பலையும் நடத்தியதால் ரயிலின் தாமதம் கப்பலின் தாமதமாகவும் ஆயிற்று. ரயில் வருமுன் கப்பல் கிளம்பினால் ஏற்றிச் செல்ல ஆளே இருக்கமாட்டார்கள் என்ற எளிய காரணத்தால், பயணி கப்பலைத் தவறவிடும் அச்சமின்றிப் பயணம் செய்தார்.

இந்த நிம்மதியும் எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் கப்பல் துறைக்கு முன்னரே மண்டபம் முகாமில் இறக்கப்பட்டு, காலரா, பிளேக் முதலிய நோய்கள் பரவாதிருக்கத் தடைக்காவலில் வைக்கப்பட்ட பின்னரே அனுப்பப்பட்டார்கள். நேட்டால் காலத்து டிப்போவின் தொடர்ச்சி அது. மேல்வகுப்புப் பயணிக்காகக் கப்பல் காத்திருந்த அதே துறையில் தொழிலாளி கப்பலுக்காகக் காத்திருந்தார். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பல் போக்குவரத்தும் இலங்கையின் உள்நாட்டுப் போரால் 1984இல் நின்றது.

மலேயா செல்லும் கப்பல்களுக்கு இத்தகைய இணைப்பு என்றும் இருந்ததில்லை. 1926இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனச் சென்றுவந்த ‘ரஜூலா’வைப் பிடிக்க வேண்டியவருக்கு முன்னதாகவே ஊரைவிட்டுக் கிளம்பி, துறைமுக நகரத்தில் தங்குவதே பாதுகாப்பான வழி.

1992இல் இந்திய ரயில்வே தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின் பயனாகச் சித்தூர்–திருப்பதிப் பாதையும் பிராட்கேஜ் ஆயிற்று. ரேணிகுண்டாவின் பழைய வண்டி மாற்றம் இப்போது இல்லை. அவ்வூரின் விமான நிலையத்தில் 2015 அக்டோபரில் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இப்போது ரேணிகுண்டா அடங்கும். அதே ஆண்டு ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கியது. ஆனால் விமானமும் கப்பலும் தனித்தனி நிறுவனங்கள், சீட்டுகளும் தனித்தனி. கப்பலுக்குத் துறைமேடை இத்தனை மணி வரை என்று ஒதுக்கப்பட்டிருக்கும், துறைமுக வழிகாட்டி மாலுமி குறித்த நேரத்தில் வந்து கப்பலை வெளியே நடத்திச் செல்வார், பயணிப் பட்டியல் முன்னரே அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டு வாயில் மூடப்படும். ஆயிரக்கணக்கானோர் ஏறிய கப்பல் ஒரு விமானத்தின் சில பயணிகளுக்காக நிற்பதில்லை. நீண்ட தாமதத்துக்கு விமான நிறுவனம் உணவோ மாற்று விமானமோ தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விதிகள் உண்டு, தவறிய கப்பலின் கட்டணம் அவற்றில் அடங்காது.

ரயில்வே மட்டும் இதில் ஓரடி முன்வைத்துள்ளது. 2019 ஏப்ரல் 1 முதல் இரு ரயில்களின் முன்பதிவு எண்களை இணைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. முதல் வண்டி பிந்தி இரண்டாவது தவறினால், ரத்துக் கட்டணமின்றி இரண்டாவதன் தொகை திரும்பக் கிடைக்கும். ரேணிகுண்டாவில் இடம்பிடிக்க ஓடிய தலைமுறைகள் கேட்டிருக்க வேண்டிய உரிமை இது, நூறாண்டுக்கு மேல் பிந்தி வந்தது. இதன் எல்லையும் ரயிலோடு முடிகிறது. தேதியும் மணியும் குறித்த முந்நூறு ரூபாய்த் தரிசனச் சீட்டோடு தாமதமான ரயிலில் வரும் யாத்திரிகருக்கோ, விமானம் பிந்தித் துறைமுகத்துக்கு விரையும் பயணிக்கோ இத்தகைய இணைப்பு எதுவும் இல்லாததால், உல்லாசக் கப்பலுக்குச் சீட்டு எடுப்பவர்களிடம் முதல்நாளே சென்னைக்கு வந்து தங்கும்படி முகவர்கள் சொல்கிறார்கள். அந்த ஓரிரவு விடுதிச் செலவு பயணியின் கணக்கிலேயே சேர்கிறது.