தோலா 62 ரூபாய் 50 காசு

பேத்தமங்களா ஏரிக்கரையில் நின்றால் தங்கத்தின் சாயலே தெரியாது. பாலாற்றை மறித்துத் தேக்கிய தண்ணீர், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் குழாய் வழியே போய்ச் சேர்ந்ததால்தான் கோலார் தங்கவயலில் மைன்ஸும் அதைச் சுற்றிய குடியிருப்புகளும் பிழைத்தன.

சென்ற வாரம் இந்தச் சுரங்கங்களை நடத்திய பிரிட்டிஷ் ஜான் டெய்லர் கம்பெனியின் காலத்தைப் பார்த்தோம். 1880இல் தொடங்கிய அந்த ஆட்சியை முடித்துவைத்தது தில்லி அல்ல, மைசூர் சட்டமன்றம். 1956 நவம்பர் முதல் தேதி விரிவடைந்த மைசூர் மாநிலம் பிறந்தது, நிஜலிங்கப்பா முதல்வரானார். அந்த மாதம் முடிவதற்குள் சுரங்கங்கள் அரசுடைமை ஆகிவிட்டன. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து பூமிக்கடியில் உழைத்த தமிழர்களின் ஓட்டும், சுற்றுவட்டக் கன்னட, தெலுங்கு விவசாயிகளின் ஓட்டும் சேர்ந்து உருவான சபைதான் அந்தச் சட்டமன்றம்.

சுரங்கம் மாநிலத்தின் கைக்கு வந்தது. தங்கம் வந்ததா?

அரசமைப்புச் சட்டம் சுரங்கங்களை மாநிலப் பட்டியலில் வைத்துவிட்டு, நாடாளுமன்றம் விரும்பினால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறது. 1957இல் வந்த சுரங்கச் சட்டம் அந்தக் கதவு வழியாக நுழைந்தது. தங்கத்துக்குக் குத்தகை கொடுக்க மாநிலம் அதன்பின் தில்லியின் முன் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. ஆனால் மைசூரைப் பணிய வைத்தது சட்டத்தைவிட விலைதான் என்பது என் கணிப்பு. 1950களின் கடைசியில், எடுத்த தங்கத்தை மத்திய அரசுக்குச் சர்வதேச நாணய நிதியத்தின் விலையில் கொடுக்க வேண்டியதாயிற்று. தோலா 62 ரூபாய் 50 காசு! வெளியே நகைக்கடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிய தில்லிக்கு அந்தத் தங்கம் அவசரத் தேவை. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறிய சுரங்கமோ மாநிலக் கணக்கில் நட்டமாக நின்றது.

1962இல் மைசூர் அதைத் தில்லியிடம் ஒப்படைத்தது. சுரங்கம் நிதி அமைச்சகத்தின் கீழ் போனது. சில வாரங்களிலேயே, 1963 ஜனவரியில், நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாயின் தங்கக் கட்டுப்பாடு வந்தது.

இதில் வேடிக்கை ஒன்று. இதே வட்டாரத்துக் கியாசம்பள்ளியில் பிறந்து, மைசூரின் முதல் முதலமைச்சராக இருந்த கே.சி. ரெட்டி, 1956இலும் சரி, 1962இலும் சரி, நேருவின் அமைச்சரவையில் இருந்தார். சொந்த ஊர்க்காரர் தில்லியில் இருப்பதால் மட்டும் ஊருக்குப் பிடிமானம் வந்துவிடுவதில்லை.

1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று தில்லி அதை மூடியது. சட்டமன்றத்தில் பேசினார்கள், தெருவில் போராடினார்கள், மூடியது மூடியதுதான்.

ஆனால் மாநிலத்திடம் ஒரு பிடி மிச்சமிருந்தது. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேடுகளில் குவிந்து கிடக்கும் மண்ணிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கலாம் என்று மத்திய அரசு நினைத்தபோது, பெங்களூரின் சம்மதத்தைக் கேட்க வேண்டி வந்தது. 13 மேடுகளுக்கான ஒப்புதலைக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் கொடுத்தது. பாரத் கோல்டு மைன்ஸ் தரவேண்டிய பாக்கிப் பேச்சையும் கூடவே எடுத்தது.

(தொடரும்)