பாட்டு பாவைக்காகக் காத்திருந்த காலம்

இன்னைக்கு எபிசோடில் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத மாதிரி தெரியுற ரெண்டு விஷயத்தைச் சேர்த்துப் பேசப்போறேன். ஒண்ணு, நம்ம தோல்பாவைக்கூத்து. இன்னொண்ணு, நியூயார்க்கின் லத்தீன் இசை.

போடியிலிருந்து தேவாரம் போற வழியில இருக்கு எங்க ராசிங்காபுரம். தென்மாவட்டங்கள்ல இந்த மாதிரி ஊர்ப் பொட்டல்கள்தான் ஒரு காலத்துல பாவைக்கூத்துக்கு அரங்கம். நடத்தினவங்க மண்டிகர்கள். வீட்டுல பேசுறது மராத்தி, திரைக்குப் பின்னால பேசுறது தமிழ். தஞ்சாவூர்ல மராட்டியர் ஆண்ட காலத்தை ஒட்டி இவங்க முன்னோர் தெற்கே வந்திருக்கணும்னு சொல்றாங்க.

ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவுற அளவுக்கு மெலிசாக்கிச் சாயம் தீட்டினா பாவை. முன்னால வெள்ளைத்துணி, பின்னால விளக்கு. ராமன், ராவணன், உளுவத்தலையன், உச்சிக்குடும்பன் எல்லாருக்கும் ஒரே ஆள்தான் குரல். பாவைகளை ஆட்டுறதும் அவர்தான். பக்கத்துல ஆர்மோனியமும் மிருதங்கமும். வாசிக்கிறது பெரும்பாலும் அவர் குடும்பத்து ஆட்களே. ராமாயணம்னா பத்து நாள் நடக்கும். நடத்தினா மழை பெய்யும்னு ஜனங்க நம்புனாங்க.

இதுல நான் முக்கியமா நினைக்கிறது ஒண்ணு உண்டு. உளுவத்தலையன் பேச்சுக்குக் கூட்டம் சிரிச்சா, கூத்துக்காரர் அதை இன்னும் கொஞ்சம் நீட்டுவார். ஆர்மோனியம் காத்திருக்கும். அவர் சண்டைக்குத் தாவினா மிருதங்கமும் தாவும். பாட்டு பாவையைப் பார்த்துத்தான் நடந்தது.

இப்போ நியூயார்க்குக்குப் போவோம். அங்கே 1950கள்ல பல்லாடியம்னு ஒரு நடன அரங்கம் பேர்போனது. கியூபாவிலிருந்தும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்து குடியேறினவங்களோட இசை அது. டிட்டோ புவெந்தே டிம்பாலிஸ் மேளத்தை மேடைக்கு முன்னால கொண்டுவந்து நின்னு வாசிச்சவர். எதிர்ல ஆடுறவங்க கால் அவர் கண்ணு முன்னால இருக்கும். ஆட்டம் சூடேறினா வாசிப்பும் ஏறும். நம்ம பொட்டல்ல நடந்ததும் இதேதான்.

அந்தத் தாளம் நம்ம ஊருக்கு வந்தது சினிமா வழியா. 1964ல வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்துல ‘அவளுக்கென்ன’ பாட்டை நினைச்சுப் பாருங்க. லத்தீன் சாயல் துள்ளும். எம்.எஸ். விஸ்வநாதனே இசைக்குழுவோட திரையில தெரிவார். வாசிச்சது உயிருள்ள குழுதான். ஆனா ஊருக்கு வந்து சேர்ந்தது இசைத்தட்டு.

கூட்டத்தைப் பிடிச்சு வைக்க, பாவைக்கூத்துக்காரங்களும் இடையில சினிமாப் பாட்டுப் போட்டு பாவைகளை ஆடவிட்டாங்க. ரெக்கார்டு டான்ஸ்தான். தட்டு யாருக்காகவும் காத்திருக்காது. இப்போ பாவைதான் பாட்டைத் துரத்தணும். ஆர்மோனியக்காரருக்கு வேலை குறைஞ்சுது.

சினிமா கூத்தைக் கொன்னுடுச்சு, வெளிநாட்டு இசை கெடுத்துடுச்சுன்னு சொல்றதை நான் முழுசா ஒத்துக்கமாட்டேன். ஆர்மோனியமே பாரிஸ்ல உருவான பெட்டிதானே? அதைக் கூத்து தன்னோடதா ஆக்கிக்கிச்சு. ஏன்னா அதை வாசிக்க ஒரு கை இருந்தது, பாவையைப் பார்க்க ஒரு கண் இருந்தது. தட்டுக்கு அது ரெண்டும் இல்லை.

பெரிய நகரங்கள் எதிர்த்திசையில போச்சு. ஜெர்மனியிலிருந்து வந்த பீட்டர் ஷூமன் 1963ல நியூயார்க்ல ‘பிரெட் அண்ட் பப்பெட்’ நாடகக்குழுவைத் தொடங்கினார். ராட்சத பொம்மைகளோட வியட்நாம் போருக்கு எதிரா தெருவுல இறங்கினாங்க. இங்கே மதுரையில 1978ல நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கின மு. ராமசாமி, தோற்பாவை நிழற்கூத்தை ஆய்வு செஞ்சவர். நகரத்துல இதுக்குப் பேர் பரிசோதனை நாடகம். மண்டிகர் குடும்பத்துக்கு அது ராத்திரிச் சோறு.

அதனால கல்லூரி விழாவுக்கோ கோயில் கொடைக்கோ பாவைக்கூத்து கூப்பிடுறவங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். ‘பாட்டுக்கு பென்டிரைவ் போதும்’னு செலவைக் குறைக்காதீங்க. ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் சேர்த்து சம்பளம் பேசுங்க. திரையில தெரியுற பாவையை அருங்காட்சியகத்துல வச்சுக் காப்பாத்திடலாம். திரைக்குப் பின்னால அதைப் பார்த்து வாசிக்கிற ஆளை அப்படி வைக்க முடியாது.