24ஆவது கோல்

1932 ஆகஸ்ட் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி அமெரிக்காவை 24–1 என்ற கணக்கில் வென்றது. ரூப் சிங் 10 கோல், அவருடைய அண்ணன் தயான் சந்த் 8, குர்மீத் சிங் 5, பின்னிகர் 1. இந்திய விளையாட்டு வரலாற்றைப் பேசும் எவரும் இந்த எண்ணைப் பெருமிதத்தோடு சொல்வர். எனக்கு நெடுநாளாக உள்ள ஐயம் வேறு. பதினைந்தாவது கோலுக்குப் பிறகு எதற்காக அடித்தார்கள்? அடித்தபின் என்ன செய்தார்கள்?

பொருளாதாரப் பெருமந்தத்தின் காரணமாக அந்த ஒலிம்பிக் ஹாக்கியில் கலந்துகொண்டவை மூன்றே அணிகள். இந்தியா ஏற்கெனவே ஜப்பானை 11–1 என்று வென்றிருந்தது. ஜப்பான் அமெரிக்காவை 9–2 என்று வீழ்த்தியிருந்தது. ஆகவே கடைசி ஆட்டம் சமனில் முடிந்திருந்தாலும் தங்கம் இந்தியாவுக்கே. கோல் வேறுபாட்டுக்காக அடித்தார்கள் என்ற வாதம் இங்கே செல்லாது. எதிரே நின்றதோ ஆடவர் ஹாக்கி அப்போதுதான் வேர்விடத் தொடங்கியிருந்த ஒரு நாட்டின் அணி. இரண்டு ஆட்டங்களிலும் தோற்ற அந்த அணிக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது என்பது வேறு கதை. மூன்று பேர் ஓடும் பந்தயத்தில் மூன்றாம் பரிசுக்கு ஓடி முடித்தாலே போதும்.

இந்த 24ஐக் குடியேற்ற ஆதிக்கத்துக்கு எதிரான முழக்கமாக வாசிப்போர் உண்டு. அந்த வாசிப்பை நான் முற்றாக மறுக்கவில்லை. காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்த ஆண்டு அது. 1928 முதல் 1936 வரை மூன்று ஒலிம்பிக்குகளிலும் பிரிட்டன் ஹாக்கி அணியை அனுப்பவில்லை; ஆளப்படும் நாட்டிடம் தோற்க அஞ்சியே ஒதுங்கியது என்று அன்றுதொட்டு ஒரு பேச்சு இருந்துவருகிறது. எனினும் அன்று களத்தில் நின்றவர்கள் ஆங்கிலேயர் அல்லர், அமெரிக்கர். ஆண்டவனுக்கு அடிக்க முடியாத கோலை அயலானுக்கு அடித்தார்கள் என்று சொல்வது, நம் இன்றைய தேவைக்கு அவர்களுடைய மட்டையைக் கடன் வாங்குவதாகவே எனக்குத் தோன்றுகிறது. நன்றாக ஆடத் தெரிந்த பதினொருவர், ஆட்டம் முடியும்வரை ஆடினார்கள். அதற்கு மேல் ஒரு காரணம் தேவையா?

கொண்டாட்டத்தைப் பொறுத்தவரை, கோலடித்தவர் தோழரோடு கைகுலுக்கிவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புவதே அக்கால வழக்கம். சட்டையைக் கழற்றிச் சுழற்றுவதும் புல்தரையில் வழுக்கிச் செல்வதும் தொலைக்காட்சிக் காலத்துச் சடங்குகள். ஆனால் 1932இலும் அவமதிப்புக்கு இடமிருந்தது. அமெரிக்கா அடித்த அந்த ஒரேயொரு கோல் விழுந்தபோது, இந்தியக் கோல்காப்பாளர் ரிச்சர்ட் ஆலன் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்வையாளர்களுக்குக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. 1928 ஆம்ஸ்டர்டாமில் இந்தியா 29 கோல் அடித்து ஒன்றுகூட வாங்காதபோது கம்பத்தைக் காத்தவர் அவர். இக்கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறோம். எனக்கென்னவோ 24 கோல்களையும்விட அந்தக் கையெழுத்துத்தான் எதிரணியை அதிகம் சிறுமைப்படுத்தியதாகப் படுகிறது. கோல் அடிப்பவன் எதிரியை இன்னும் எதிரியாக மதிக்கிறான். கையெழுத்திடுபவன் அவன் அங்கே இருப்பதையே மறந்துவிடுகிறான்.

இதே சிக்கல் நான்காண்டு கழித்து பெர்லினில் வேறு வடிவில் வந்தது. ஒலிம்பிக்குக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4–1 எனத் தோற்றிருந்த இந்தியா, மழையால் ஒருநாள் தள்ளிப்போய் 1936 ஆகஸ்ட் 15 அன்று நடந்த இறுதியாட்டத்தில் 8–1 என்று வென்றது. அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஜெர்மானியக் கோல்காப்பாளரோடு மோதித் தயான் சந்துக்குப் பல் உடைந்ததாம். சிகிச்சை பெற்றுத் திரும்பியவர், இனிக் கோல் அடிக்க வேண்டாம், பந்தை எப்படி ஆள்வதென்று இவர்களுக்குக் காட்டுவோம் என்றாராம். இந்திய வீரர்கள் பந்தை ஜெர்மானிய வட்டம்வரை கொண்டுசென்று, அடிக்காமலேயே பின்னோக்கித் தட்டித் திரும்பினார்களாம். இடைவேளையில் 1–0 என்றிருந்து பின்பாதியில் ஏழு கோல் விழுந்த ஓர் ஆட்டத்தில் இந்த வேடிக்கைக்கு எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்கலாம். கதை உணர்த்தும் உளவியல் உண்மையே எனக்கு முக்கியம்: அடிக்காமல் விடுவதைத் தண்டனையாக நினைத்துத்தான் இக்கதையைச் சொல்லிவருகிறோம். ‘போதும், நிறுத்துங்கள், இரக்கம் காட்டுங்கள்’ என்று வென்றவரிடம் கேட்போர் இதைக் கவனிப்பதில்லை.

புறப்பொருள் வெண்பாமாலையில் தழிஞ்சி என்றொரு துறை உண்டு. தோற்றுப் புறங்கொடுத்து ஓடுவோர்மேல் படைக்கலம் ஓச்சாத மறப்பண்பு அது. விளையாட்டு அறத்துக்கு இதை மேற்கோள் காட்டுவோரைப் பார்த்திருக்கிறேன். பொருந்தாது. போர்க்களத்தில் தோற்றவன் ஓடிப்போகலாம். விளையாட்டுக் களத்தில் நடுவர் ஊதும்வரை அவன் அங்கேயே நின்றாக வேண்டும். வென்றவனும் நின்றாக வேண்டும். ஓடாதவன்மேல் ஓச்சாதிருப்பதற்குத் தழிஞ்சி என்று பெயரில்லை.

மொழியியல் படித்த பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். ‘கொண்டாடு’ என்பதற்குச் செயப்படுபொருள் வேண்டும்: பொங்கலைக் கொண்டாடுகிறோம், பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். ‘கொக்கரி’ என்பதற்குச் செயப்படுபொருள் வேண்டாம். ஆனால் யாரைப் பார்த்து என்ற கேள்வி உடனே எழும். 2019 ஜூன் 11 அன்று பிரான்சின் ரான்ஸ் நகரில் மகளிர் உலகக்கோப்பை ஆட்டத்தில் தாய்லாந்தை 13–0 என்று வென்ற அமெரிக்க வீராங்கனைகள் செய்தது இரண்டில் எது? உலகமே சண்டையிட்டது. இடைவேளையில் 3–0. எஞ்சிய பத்தும் பின்பாதியில். அலெக்ஸ் மார்கன் மட்டும் ஐந்து. பத்தாவது கோலுக்குப் பிறகும் துள்ளிக் குதித்துக் கட்டித்தழுவிக்கொண்டதைக் கனடாவின் முன்னாள் வீராங்கனைகள் தொலைக்காட்சியிலேயே கண்டித்தார்கள்.

அடித்ததைக் குறை கூற முடியாது. குழுநிலையில் புள்ளிகள் சமமானால் கோல் வேறுபாடே தரவரிசையை முடிவுசெய்யும் என்று எழுதிவைத்தவர்கள், பிறகு ஏன் அடித்தாய் என்று கேட்பது முறையன்று. இதே தர்க்கம்தான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா ஹாங்காங்கை 26–0 என்று வென்றபோதும் இருந்தது. 86 ஆண்டுக்காலம் நின்ற 24–1 சாதனை அன்று முறிந்தது; நம்மில் எவரும் ஹாங்காங் கோல்காப்பாளரைப் பற்றிக் கவலைப்பட்டதாக நினைவில்லை. (அந்த இந்திய அணி அரையிறுதியில் மலேசியாவிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது.) கொண்டாட்டமோ வேறு. அன்று கோலடித்த எழுவரில் நால்வருக்கு அது வாழ்வின் முதல் உலகக்கோப்பை. முதல் கோலை அடித்த பெண்ணிடம், பலகையில் எண் பெரிதாகிவிட்டது, ஆகையால் மகிழாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாவது கோலை விரல்விட்டு எண்ணிக் காட்டுவது அவ்வளவு தேவைதானா என்று கேட்க மனம் வருகிறது. தங்கள் சம்மேளனத்தின்மீது பாலினப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்த பெண்கள் அவர்கள் என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். 2014இல் பிரேசிலுக்கு எதிராக 29 நிமிடத்தில் ஐந்து கோல் அடித்த ஜெர்மன் ஆடவர்கள், இடைவேளையில் தங்களுக்குள் பேசி, எதிரணியைச் சிறுமைப்படுத்தாமல் ஒழுங்காக ஆடி முடிப்பதென்று முடிவெடுத்ததாக ஹும்மல்ஸ் பின்னர் சொன்னார். அவர்களும் மேலும் இரண்டு கோல் அடித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நாம் வாங்கிய பக்கமும் உண்டு. 1982 டிசம்பர் 1, தில்லி தேசிய மைதானம், ஆசிய விளையாட்டு இறுதியாட்டம். பிரதமர் இந்திரா காந்தி பார்த்திருக்க, முதல் கோலை அடித்த இந்தியா பாகிஸ்தானிடம் 7–1 என்று வீழ்ந்தது. பாகிஸ்தானியர் எப்படிக் கொண்டாடினார்கள் என்பதை இன்று யாரும் பேசுவதில்லை. கோல்காப்பாளர் மீர் ரஞ்சன் நேகிக்கு நேர்ந்ததையே பேசுகிறோம். கையூட்டு வாங்கிக்கொண்டு கோல் விட்டார் என்று சொந்த நாட்டு மக்களே அவர்மேல் பழி சுமத்தினார்கள். 1998இல் பாங்காக்கில் தங்கம் வென்ற அணியின் கோல்காப்பாளர்களுக்குப் பயிற்சியளித்தவராகத்தான் அவரால் தலைநிமிர முடிந்தது. எதிரணியின் கொக்கரிப்பு ஒரு மாலையோடு போயிற்று. நம்முடையது பதினாறு ஆண்டு நீடித்தது. அந்த மைதானம் இன்று தயான் சந்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2019 ஜூன் 16க்கு வருகிறேன். அன்று பாரிசில் சிலிக்கு எதிராகக் கோலடித்த கார்லி லாய்டு, குதிக்கவில்லை. கோல்ஃப் பார்வையாளரைப் போல உள்ளங்கையை மெல்லத் தட்டிக் காட்டினார். விமர்சகர்களுக்கான பதில் அது. அதே நாளில் நீஸ் நகரில் தாய்லாந்து ஸ்வீடனிடம் 4–0 எனப் பின்தங்கியிருந்தது. கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில் அணித்தலைவி கஞ்சனா சுங்ஙோன் ஒரு கோல் அடித்தார். மாற்று வீராங்கனைகள் எழுந்து ஓடினார்கள். அணி மேலாளர் நுவல்பான் லாம்சம் எல்லைக்கோட்டருகே நின்று குலுங்கி அழுதார். சில நிமிடங்களில் ஸ்வீடன் தண்ட உதையில் ஐந்தாவதையும் அடித்தது. 5–1.